உள்ளதை முடிச்சிட்டுப் போவம்

புதன்கிழமை பின்னேரம் என்றால் கனகலிங்கம் நேரத்தோடு சேர்ட் மாற்றிவிடுவார். கோயிலுக்கு வெளிக்கிடுவதற்குக்கூட அவர் இவ்வளவு அவசரப்படுவதில்லை. மிச்சம் என்கிற ஊரில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் இருந்தது. அன்றோடு திகதி முடிகிற சாமான்களுக்கு விலை குறைத்து அங்கே மஞ்சள் லேபல் ஒட்டுவார்கள். எந்த நாளில் அதிகம் ஒட்டுவார்கள், எந்த அலுமாரியில் தொடங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

"நீர் பாண் பக்கம் நில்லும். நான் இறைச்சியைப் பாக்கிறன்," என்பார்.

மனைவி சிவகௌரி பாண் ரொட்டிகள் அடுக்கிய பக்கம் நிற்பாள். கடைக்கு வெளியே கம்பியில் அவர்கள் கட்டிவிட்ட நாய் கண்ணாடிக்கூடாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். லேபல் ஒட்டுகிற பெண் மெஷினோடு வந்து நின்றதும் நாலைந்து பேர் பேசாமல் கிட்ட வருவார்கள். எல்லாரும் வேறு எதையோ பார்ப்பது போல நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பது சிவகௌரிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. போனதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் பின்வளவுக் கொட்டிலுக்குள் ஒரு பெரிய ஃபிரீசர் இருந்தது. ஆள் படுக்கலாம் போல நீளம். மலிவில் வாங்கியதெல்லாம் அதற்குள் போகும். கோழி, ஆட்டிறைச்சி, மீன், இறால், பாண், பட்டர், ஒருமுறை நாற்பது பேர் சாப்பிடக்கூடிய பிறந்தநாள் கேக். புதியதை அடியில் வைத்து, பழையதை மேலே எடுத்து வைப்பார் கனகலிங்கம். பழையதை முதலில் முடிக்கவேண்டும் என்பது சட்டம். புதியதின் முறை வரும்போது அதுவும் பழசாகியிருக்கும். என்ன சமைக்கிறது என்று சிவகௌரி யோசிக்கவே தேவையில்லை. காலையில் அவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து சிங்குக்குள் வைத்துவிடுவார். அன்றைக்கு அதுதான் கறி.

அவரைக் குறை சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. குடிக்கிறதில்லை. கை நீட்டினதில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் இரவும் பகலும் நின்று வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர். இரண்டு தம்பிமாரையும் ஊரிலிருந்து கூப்பிட்டு விட்டவர். அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில், ஈஸ்ட் ஹாமில் ஒரு பாண் கடைக்குப் பின்னால் நின்று, பூட்டுகிற நேரம் அவர்கள் எறிகிற பாணுக்குக் காத்திருந்ததை ஒரே ஒருமுறை அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு அவள் எப்படி வாயைத் திறப்பாள்?

நாய் மகளுடையது. பெப்பர் என்று பெயர். தொங்கல் காது, கறுப்பும் வெள்ளையும். மேனுஷா கலியாணம் முடித்துக் கணவன் ஆரணனோடு கிளாஸ்கோ போனபோது, அங்கே கிடைத்த பிளாட்டில் நாய் வைத்திருக்க விடவில்லை. ஒரு மூட்டை நாய்ச் சாப்பாட்டோடு பெப்பரைக் கொண்டுவந்து விட்டாள். மூட்டை முடிந்ததும் கனகலிங்கம் கடைக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"மனிசன் சாப்பிடுற இறைச்சியைவிட விலை. நீர் சமையும்."

அவள் சமைத்தாள். ஃபிரீசரில் கிடந்து வெளுத்துப்போன கோழியை எலும்பு நீக்கி, சோறும் கரட்டும் பூசணியும் போட்டு அவித்தாள். வெங்காயம், உப்பு, தூள் ஒன்றும் போடக்கூடாது என்று மேனுஷா சொல்லியிருந்தாள். பெப்பர் கோப்பையைத் தரையில் தள்ளிக்கொண்டே போய் நக்கித் தீர்த்தது. ஒருநாள் அவள் பூசணிக்குப் பதிலாக வத்தாளங்கிழங்கு போட்டாள். இன்னொரு நாள் பச்சைப் பட்டாணி. நாய்க்கு என்ன போடுகிறாள் என்று கனகலிங்கம் கேட்பதில்லை. அந்தச் சின்னச் சட்டி மட்டும்தான் அந்தக் குசினியில் அவள் தன் எண்ணத்துக்குச் சமைக்கிற சட்டியாக இருந்தது.

மாசி மாதத்தில் மேனுஷா போன் எடுத்துத் தான் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னாள்.

"அம்மா, நீங்கள் வரவேணும். ஆடி முடியக் கிடைக்குமாம். முன்னுக்கே வந்து நில்லுங்கோ. இப்ப வீடு வாங்கியிட்டம்தானே, பெப்பரையும் கொண்டு வாங்கோ."

கனகலிங்கமும் சந்தோஷப்பட்டார். அன்றைக்கு ரவை கேசரி செய்யச் சொன்னார், முந்திரிகைவற்றல்கூடப் போடச் சொன்னார். ஆனால் எப்போது போவது என்று சிவகௌரி கேட்டபோது அவர் முகம் மாறியது.

"கோச் பஸ்ஸில நாயை ஏத்தமாட்டாங்கள். ட்ரெயின் விலை. அதைவிட, ஃபிரீசரை இப்பிடி நிறைச்சு வைச்சிட்டுப் போய், நாங்கள் இல்லாத நேரம் கரண்ட் நிண்டால்? உள்ளதை முடிச்சிட்டுப் போவம்."

நியாயம் போலத்தான் இருந்தது. சிவகௌரி முடிக்கத் தொடங்கினாள். இரண்டு நேரமும் இறைச்சி வைத்தாள். பெப்பரின் கோப்பையை நிறைத்தாள். பாணைப் பொடியாக்கி, முட்டை அடித்து, வாட்டி, பக்கத்து வீட்டுக் கிழவர் பீட்டருக்கும் கொடுத்தாள். கொட்டிலுக்குப் போய் மூடியைத் திறந்து, அடித்தட்டு தெரிகிறதா என்று பார்ப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் தெரியும். புதன்கிழமை வரும். அவர் இரண்டு பைகளோடு வந்து நிற்பார்.

"இந்தமுறை விடுவமே," என்று அவள் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"முழுக்கோழி, கால்வாசி விலை. விட்டிட்டு வரச் சொல்லுறீரோ?"

சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் அப்படியே போயின. மேனுஷா போனில் வயிற்றைக் காட்டினாள். "எப்ப அம்மா?" என்று கேட்டாள். "அப்பா பாக்கிறார்," என்று சிவகௌரி சொன்னாள். இரவில் கண்ணை மூடினால் அந்த வெள்ளைப் பெட்டியின் இரைச்சல் கேட்பது போலிருக்கும். கொட்டில் வளவின் அந்தக் கோடியில் இருந்தது. கேட்க வழியில்லை. ஆனாலும் கேட்டது.

ஆடிக் கடைசி ஞாயிறு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் தேர். அன்று காலையே வெயில் கொளுத்தியது. வெளியே போகும்போது வீட்டிலுள்ள சுவிட்ச் எல்லாவற்றையும் நிப்பாட்டவேண்டும் என்பது கனகலிங்கத்தின் வழக்கம். டிவி, கேத்தல், இன்டர்நெட் பெட்டி, எல்லாம். பெப்பரைப் பகல் பார்த்துக்கொள்வதாகப் பீட்டர் சொல்லியிருந்தார்.

"மேல நான் பாத்திட்டன். கொட்டிலுக்க லைட் எரியுதோ எண்டு பாத்து நிப்பாட்டும்," என்று அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

சிவகௌரி சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லில் நடந்து போனாள். லைட் எரியவில்லை. ஃபிரீசர் இரைந்துகொண்டிருந்தது. சுவரில் அதன் சுவிட்ச் சிவப்பாக எரிந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலால் அமத்தினாள். சிவப்பு அணைந்தது. இரைச்சல் ஒரு குலுக்கலோடு நின்றது. கொட்டில் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"நிப்பாட்டினீரோ?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"ஓம், நிப்பாட்டினனான்."

தேரடியில் சனம் நெருக்கியது. கற்பூரப் புகையும் வியர்வையுமாக இருந்தது. கொழும்பில் சிவகௌரியோடு படித்த வாணி, கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப் போனாள்.

"உங்கட அவரைப் போல ஒருத்தர் வேணும் கௌரி. என்ர மனிசன் கையில காசு நிக்காது. 'மிச்சத்தில இருந்து மிச்சம் பிடிக்கிற ஆள்' எண்டு உங்கட அவரைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறவை. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

சிவகௌரி சிரித்தாள். இந்த நேரம் மேல்தட்டு இளகத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தாள். அம்மனைப் பார்த்துக் கும்பிடக் கை எழும்பவில்லை.

பின்னேரம் வீடு திரும்பியதும் போய்ச் சுவிட்சைப் போட்டிருக்கலாம். மூடி திறக்காதவரை உள்ளே எல்லாம் கல்லாகத்தான் இருந்திருக்கும். அவள் போகவில்லை. அடுத்தநாள் காலை அவர் சிங்குக்குள் பொட்டலம் வைக்க வெளிக்கிட்டபோது, "நேற்றையான் பிரசாதம் கிடக்குது, இண்டைக்கு அது போதும்," என்று மறித்தாள். அன்று முழுவதும் அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. உடுப்பு மடித்தாள், மடித்ததைக் கலைத்துத் திரும்ப மடித்தாள். பெப்பரைக் கூட்டிக்கொண்டு இரண்டு தரம் வெளியே போனாள்.

செவ்வாய் காலை கொட்டிலுக்குள்ளிருந்து கனகலிங்கத்தின் குரல் கேட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஐயோ" என்று மட்டும் கேட்டது.

அவள் போய்ப் பார்த்தபோது அவர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சிவந்த தண்ணீரில் பொட்டலங்கள் மிதந்தன. கேக் சரிந்து, அதன் ரோஸ் நிறப் பூ ஒரு மீனின் மேல் ஒட்டியிருந்தது. மீன் மணம் முகத்தில் அடித்தது.

"சுவிட்ச் நிண்டிருக்கு," என்றார். "பியூஸ் போயிருக்கவேணும்."

"இல்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

"லைட் எண்டு நினைச்சோ?"

அவர் அவளுக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தார். ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும்.

"இல்லை. ஃபிரீசர் எண்டு தெரிஞ்சுதான். நான் பிள்ளையிட்டப் போகவேணும். இது முடியவே முடியாது."

கனகலிங்கம் அவளைப் பார்த்தார். கோபம் இருக்கவில்லை அந்தப் பார்வையில். சாமான் வாங்க வந்த இடத்தில் கள்ளனைக் கண்டவர் போலப் பார்த்தார். பிறகு சேர்ட் கையை மடித்துவிட்டுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினுக்குள் போடத் தொடங்கினார்.

அன்று முழுக்கச் சமையல். வந்த புதிதில் ரெஸ்டோரன்ட் குசினிகளில் நின்றவர், கை பழகியிருந்தது. குளிராக இருந்ததையெல்லாம் தனியே பிரித்தார். கோழியை வறுத்தார், ஆட்டிறைச்சியைப் பெரிய சட்டியில் ஏற்றினார். எறியவேண்டியதை அவள் கறுப்புப் பைக்குள் போட்டால், அவர் அதைத் திரும்ப வெளியே எடுத்து மணந்து பார்த்தார். பாதியை மீண்டும் சட்டிக்குள் போட்டார்.

"அந்த இறால் வேண்டாம்," என்றாள் அவள். "மணக்குது."

"மஞ்சள் கூடப் போட்டால் சரிவரும்."

ஒரு இறாலைக் கழுவிப் பெப்பரின் முன்னால் போட்டார். பெப்பர் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"நாய்க்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு, பின்னேரம் அந்த இறால் கறியோடு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டார். ஒவ்வொரு பிடியாக, அவசரமில்லாமல், அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டார்.

விடியும் முன்னே அவர் பாத்ரூமில் விழுந்து கிடந்தார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். நஞ்சாகிவிட்டது, வயதும் போய்விட்டது, கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். அவர் கை மெலிந்து, ஊசி குத்தின இடத்தில் நீலமாகிக் கிடந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான் மேனுஷாவின் போன் வந்தது. திரையில் ஆரணன். அவன் கையில் துணியால் சுற்றிய ஒரு சிவந்த முகம்.

"மாமி, பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

சிவகௌரி போனைக் கணவனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரையை விரலால் தொட்டார். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.

"எப்ப அம்மா வாறீங்கள்?" மேனுஷாவின் குரல் களைத்திருந்தது.

"அப்பா எழும்பினவுடன வாறன் பிள்ளை."

தான் சொன்னது, 'உள்ளதை முடிச்சிட்டுப் போவம்' என்று அவர் சொன்னதைப் போலவே அவள் காதில் விழுந்தது.

கனகலிங்கத்தை வீட்டுக்கு விட்டார்கள். அவர் கட்டிலில் கிடந்தார். கஞ்சி கேட்டார், சுடுதண்ணீர் கேட்டார். கால் நடுங்குகிறது என்றார். அவள் எல்லாம் செய்தாள். செய்யச் செய்ய அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது தான் என்பதும், அதற்காகவே இனி எங்கேயும் போக ஏலாது என்பதும் ஒரே கயிறாய் அவளைச் சுற்றியது. மேனுஷா போனில் பிள்ளை பால் குடிக்குதில்லை என்று அழுதாள். ஆரணனின் தாய் கனடாவில். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஒருநாள் காலை பெப்பரின் சட்டியைக் கழுவிக்கொண்டு குசினி யன்னலால் பார்த்தபோது, கனகலிங்கம் புல்லில் நடந்து போவது தெரிந்தது. மெல்லத்தான் நடந்தார். ஆனால் எதையும் பிடிக்காமல் நடந்தார். கொட்டிலுக்குள் போய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்தார். அவர் திரும்பிப் படுக்கப் போன பிறகு அவள் போய்ப் பார்த்தாள். ஃபிரீசர் கழுவித் துடைத்தபடி வெறுமையாக இரைந்துகொண்டிருந்தது. சுவிட்சை இனி ஒருவரும் அமத்தாதபடி அதன் மேலே மண்ணிறப் பிளாஸ்டர் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது.

அவள் அங்கேயே நின்று மகளுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, எனக்கு ட்ரெயினுக்கு ஒரு டிக்கெட் போட்டுவிடு. சனிக்கிழமைக்கு. பெப்பருக்கு டிக்கெட் காசு இல்லையாம்தானே?"

மேனுஷா குரலைத் தாழ்த்தினாள். "அப்பா?"

"அப்பா எழும்பியிட்டார்."

மேலே போய் அவரிடம் சொன்னாள். அவர் தலையணையைச் சுவரில் சாய்த்து நிமிர்ந்து இருந்தார்.

"மகளிட்டக் காசு வாங்கினனீரோ?"

"ஓம்."

"என்னை இப்பிடி விட்டிட்டுப் போவீர்?"

"கஞ்சி வைக்க உங்களுக்குத் தெரியும். பீட்டர் காலையும் பின்னேரமும் வந்து பாப்பார். கேட்டிட்டன்."

அவர் யன்னல் பக்கம் பார்த்தார்.

"உம்மை ஒருநாளும் பசியில விடேல்லைத்தானே, கௌரி?"

"நான் பசி எண்டு சொல்லேல்லை." அவள் குரல் உடைந்தது. கட்டிலின் விளிம்பில் இருந்தாள். "ஒருநாளும் சொல்லேல்லையப்பா. எனக்கு மூச்சுத்தான் முட்டினது."

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார். விளங்கினதா என்று அவளுக்குத் தெரியவில்லை. விளங்கும்வரை நின்றால் சனிக்கிழமை போய்விடும் என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை அவர் எழும்பிக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் அவளுடைய பையைத் தூக்கினார். ட்ராம் தரிப்பு வரை மூச்சு வாங்க நடந்தார். ட்ராம் வந்ததும் பையை உள்ளே வைத்துவிட்டு, பெப்பரின் தலையைத் தடவினார்.

"போய்ச் சேர்ந்து போன் அடியும்," என்றார். கதவு மூடியது. அவர் திரும்பாமல் நின்றதை அவள் வளைவு வரைக்கும் பார்த்தாள். யூஸ்டனில் ட்ரெயின் ஏறி, பெப்பர் அவள் காலடியில் படுத்துக்கொண்ட பிறகுதான் அழுகை வந்தது.

கிளாஸ்கோவில் மழை. பேத்தியின் தலை அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது. முதல் வாரம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துச் சரக்கு அரைத்து மீன் கறி வைத்தாள். ஆரணன் காலையில் போய்ப் பச்சை மீன் வாங்கி வந்தான். எந்த மீன் வேண்டும் என்று அவளைக் கேட்டுவிட்டுப் போனான். மேனுஷா வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டாள். பிள்ளையும் பால் குடிக்கப் பழகியது. கனகலிங்கம் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தார். பிள்ளையைக் காட்டச் சொன்னார். எப்ப வாறீர் என்று கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்த கையோடு மேனுஷா ஆரணனைப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள்.

"அம்மா, நாங்கள் ஒண்டு யோசிச்சனாங்கள். நீங்கள் இஞ்சயே இருந்தால் என்ன? நான் வேலைக்குத் திரும்பினால் நேர்சரிக்குக் குடுக்கிற காசு அப்பிடியே மிச்சம். சாப்பாடும் வெளியில எடுக்கத் தேவையில்லை. மேல் அறை சும்மாதானே கிடக்குது. அப்பாவும் பிறகு வரலாம்."

மகள் அன்பாகத்தான் சொன்னாள். கண்ணெல்லாம் எதிர்பார்ப்பு. சிவகௌரி கையிலிருந்த கோப்பையைக் கழுவித் துடைத்தாள். துடைத்த கோப்பையைத் திரும்பவும் துடைத்தாள். மேல் அறை எவ்வளவு துப்புரவாக இருந்தது, கட்டிலில் புது விரிப்பு, யன்னலில் திரைச்சீலை எல்லாம் அவள் வரமுன்னே போட்டிருந்தார்கள் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

"இந்த மாதம் முடியுமட்டும் நிக்கிறன் பிள்ளை," என்றாள்.

"பிறகு அப்பாவிட்டயோ? அவர் திரும்ப அந்தப் பெட்டியைத்தானே..."

"அப்பாவிட்டயோ, எங்கயோ. எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சவுடன நானே சொல்லுறன்."

மேனுஷாவின் முகம் வாடியது. "கோவமோ அம்மா?"

"இல்லை ராசாத்தி." அவள் மகளின் தலையைத் தடவினாள். பெப்பர் எழும்பி வாசலில் போய் நின்று அவளைப் பார்த்தது. அவள் ஆரணனின் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

தெரு ஏற்றமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒருவரையும் காணவில்லை. மழை கோட்டில் படபடவென்று விழுந்தது. இந்த ஊரில் எந்தத் தெரு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. கொஞ்சத் தூரம் போனதும் பெப்பர் நின்று வீட்டுப் பக்கம் இழுத்தது.

"பொறு," என்றாள் சிவகௌரி. "இன்னும் கொஞ்சம் நடப்பம்."